குறைமாதக் குழந்தை என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும்போது பெற்றோர் என்ன செய்யலாம்? முதல் நாள் முதல் வீடு திரும்பும்வரை

"குழந்தையைப் பெட்டியில் வெச்சிருக்காங்க" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி முடித்ததும், இனி நமக்கு என்ன வேலை என்ற கேள்வி வந்து நிற்கும். டாக்டரும் சிஸ்டரும் பார்த்துக்கொள்வார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. தாய்ப்பால், பெற்றோரின் நெஞ்சுச் சூடு, சுத்தமான கை, தினமும் விவரம் கேட்பது ஆகிய நான்கும் சிகிச்சையில் சேர்ந்தவை. அவற்றில் முதல் இரண்டை எந்த மெஷினும் தர முடியாது. குடும்பத்தாரையும் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2017-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நடைமுறை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். ஆனால் உள்ளே போய்க் குழந்தையைத் தொடவும் பார்க்கவும் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

எங்கள் மகள் 30 வாரத்தில் பிறந்தவள். அந்த வார்டில் கற்றதையும், அதற்குப் பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதையும் வரிசையாகத் தருகிறேன். உங்கள் குழந்தையின் டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

1. முதல் நாளில் தெரிந்துகொள்ள வேண்டியவை

37 வாரம் முடியும் முன்னே பிறந்தால் குறைமாதம். 32 வாரத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குச் சூடும் பாலும் கொஞ்ச நாள் கண்காணிப்பும் போதும். 28 முதல் 32 வாரம் வரை என்றால் மூச்சுக்கு உதவி தேவைப்படுவது சகஜம். 28-க்கும் கீழே என்றால் போராட்டம் பெரியது. எல்லாக் குழந்தைகளும் பிழைத்துவிடுவதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. "இன்னிக்கு நிலைமை எப்படி, எதுக்கு பயப்படணும்?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். பூசி மெழுகிய பதிலைவிட நேரான பதில்தான் தாங்க எளிது.

எடை எவ்வளவு என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. எடையைவிட வாரக் கணக்கு முக்கியம். ஒன்றரைக் கிலோ எடையில் 30 வாரத்தில் பிறந்த குழந்தையும், அதே எடையில் 34 வாரத்தில் பிறந்த குழந்தையும் ஒரே நிலையில் இருப்பதில்லை. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் 34, 35 வாரத்தில்தான் போதிய அளவுக்குச் சேரும். அது போதாத குழந்தைகளுக்கு மூச்சுக் குழாய் வழியாக அதையே மருந்தாகச் செலுத்துகிறார்கள்.

ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்று யாராவது ஒரு பாட்டி கட்டாயம் சொல்வார். உண்மை நேர் எதிர். வயிற்றில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

அம்மா ஒரு ஆஸ்பத்திரியிலும் குழந்தை வேறொன்றிலும் இருப்பது இங்கே அடிக்கடி நடக்கும். 108 சேவையில் பச்சிளங்குழந்தைக்கென்றே இன்குபேட்டர் பொருத்திய வண்டிகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். குழந்தையோடு போகும் அப்பாவிடமோ சித்தியிடமோ நான்கு விவரங்கள் கையில் இருக்க வேண்டும்: கடைசி மாதவிடாய் தேதி, அம்மாவின் ரத்த வகை, பிரசவத்துக்கு முன் நுரையீரல் முதிர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்பது, பனிக்குடம் உடைந்த நேரம். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

2. உள்ளே போனால் என்னென்ன தெரியும்

முதலில் வெக்கைதான் முகத்தில் அடிக்கும். குழந்தைகளின் உடல் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும் என்பதால் ஏசியைக் குறைத்தே வைத்திருப்பார்கள். பெட்டி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை. மேலே ஹீட்டருடன் திறந்த கட்டிலாக இருப்பது வார்மர், நாலு பக்கமும் மூடிக் கை நுழைக்க ஓட்டை வைத்தது இன்குபேட்டர்.

மூக்கில் சின்னக் குழாய் மாட்டி, மறுமுனை தண்ணீருக்குள் கொப்பளித்துக்கொண்டிருந்தால் அது சிபாப். குழந்தை தானே மூச்சு விடுகிறது, நுரையீரல் சுருங்கிவிடாமல் காற்றழுத்தம் முட்டுக் கொடுக்கிறது என்று பொருள். வென்டிலேட்டர் என்றால் மூச்சையே மெஷின் கொடுக்கிறது. வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய் பாலுக்கானது. நீல வெளிச்சத்தில் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தால் மஞ்சள் காமாலை. குறைமாதத்தில் அது வராத குழந்தைதான் அபூர்வம்.

மானிட்டரில் இதயத்துடிப்பு பெரும்பாலும் 120-க்கும் 160-க்கும் நடுவில் இருக்கும். ஆக்சிஜன் கொடுக்கப்படும் குழந்தைக்கு ரத்த ஆக்சிஜனை 90 முதல் 95 வரை வைப்பார்கள். "ஏன் நூறு இல்ல?" என்று எனக்கும் பதறியது. ஆக்சிஜன் மிஞ்சினால் கண்ணில் வளர்ந்து முடியாத ரத்தக் குழாய்கள் கெட்டுவிடும், அதனால்தான் அளந்து கொடுக்கிறார்கள். அலாரம் அடித்தால் முதலில் குழந்தையின் நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். முக்கால்வாசி நேரம், காலில் சுற்றிய சிவப்பு விளக்குப் பட்டை நழுவியிருக்கும். நிறம் மாறியிருந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள், நீங்களே எதையும் கழற்றவோ மாட்டவோ வேண்டாம்.

3. கை

மோதிரம், வளையல், வாட்ச், கையில் கட்டிய மந்திரித்த கயிறு எல்லாம் வெளியே. முழங்கை வரை சோப்பு. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கழுவிய கையால் போனைத் தொட்டால் திரும்பவும் கழுவ வேண்டும். என்ஐசியுவில் பெற்றோர் அதிகம் கோட்டை விடும் இடம் அந்தப் போன்தான். சளி, காய்ச்சல், கையில் புண் இருந்தால் சொல்லிவிட்டு அன்று உள்ளே போகாமல் இருங்கள். வேறு யாராவது கழுவாமல் உங்கள் குழந்தையைத் தொட வந்தால், வெள்ளைக் கோட்டு போட்டவராகவே இருந்தாலும், "சார், கை கழுவிட்டீங்களா?" என்று கேட்கலாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

4. பால்: முதல் ஆறு மணி நேரத்திலேயே தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

குறைமாதக் குழந்தைக்கு வரும் குடல் அழற்சி உயிருக்கே ஆபத்தானது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது வருவது குறைவு, கிருமித் தொற்றும் குறைவு. குறைமாதத்தில் பெற்ற அம்மாவின் பாலில் புரதமும் எதிர்ப்புச் சத்தும் கூடுதலாகவே இருக்கும். குழந்தை வாய் வைத்துக் குடிக்க முடியாத நிலையில் பால் தானாக ஊறிக்கொண்டிருக்காது. எடுத்தால்தான் ஊறும்.

பிரசவம் ஆகி ஒரு மணி நேரத்தில் பால் எடுக்கத் தொடங்கினால் நல்லது, ஆறு மணி நேரத்துக்குள்ளாவது தொடங்கிவிடுங்கள். சிசேரியன் ஆகிப் படுத்திருந்தாலும் சிஸ்டரோ உங்கள் அம்மாவோ உதவலாம். பிறகு 24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை. இரவில் ஒரு தடவையாவது கட்டாயம். ராத்திரியில்தான் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அதிகம். "தாயும் தூங்கட்டும்" என்று எழுப்பாமல் விடுவதில் பாசம் இருக்கிறது, ஆனால் பால் குறைந்துவிடும்.

கையால் எடுக்கும் முறை இது. வெதுவெதுப்பான துணியை இரண்டு நிமிடம் ஒற்றி, மார்பை லேசாகத் தடவிவிடுங்கள். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, விடுங்கள். தோலின் மேல் விரல் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது. காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் வரும், பால் வராது. விரல் வைக்கும் இடத்தைக் கடிகார முள் போலச் சுற்றி மாற்றுங்கள். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், அடுத்த பக்கம், மறுபடி முதல் பக்கம் என்று மொத்தம் இருபது முப்பது நிமிடம் ஆகும்.

முதல் நாள் வருவது சொட்டுதான். மஞ்சளாக, பிசுபிசுவென்று, கிண்ணத்தில் விட்டால் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக்கொடுங்கள். "இவ்வளவுதானா?" என்று வெட்கப்படாதீர்கள். ஒரு கிலோ குழந்தைக்கு முதல் நாட்களில் ஒரு வேளைக்குக் கொடுப்பதே ஒன்றிரண்டு மில்லிதான். பால் குடிக்க வைக்கக்கூடாத நிலையிலும் அந்தச் சீம்பாலைக் கன்னத்தின் உட்புறம் தடவச் சொல்வார்கள். ஒன்றரைக் கிலோ குழந்தை முழு அளவுக்குக் குடித்தாலும் ஒரு நாளைக்குக் கால் லிட்டர் பக்கம்தான் வரும்.

பால் பிடிக்கும் பாத்திரம் மூடியுள்ள எவர்சில்வர் டம்ளரோ ஆஸ்பத்திரி தரும் கப்போ, தினமும் கொதிநீரில் போட்டு எடுத்ததாக இருக்கட்டும். அம்மாவின் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள் வார்டில் இருப்பது சாதாரணம், எனவே ஐபி எண்ணையும் (ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தந்த எண்) சேர்த்து எழுதுங்கள். வெளியே நான்கு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜ். சூடாக்க வேண்டுமானால் கப்பை வெந்நீரில் வைத்தால் போதும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்கக்கூடாது.

குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தால், அல்லது கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சோடு வைத்து முடித்த கையோடு எடுத்தால், அளவு கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எவ்வளவு முயன்றும் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இருக்கிறது. கொடுக்கும் அம்மாக்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கித்தான் தருகிறார்கள். பக்கத்து பெட் அம்மா நல்ல மனசோடு நேரடியாகக் கொடுக்க வந்தாலும் வாங்கிவிட வேண்டாம், பரிசோதிக்காத பாலில் தொற்று இருக்கலாம்.

5. கங்காரு

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே என்பவர் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு கட்டி வைக்கச் சொன்னார். வசதியில்லாமல் செய்த ஏற்பாடு பின்னாளில் வசதியுள்ள நாடுகளுக்கும் போனது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை, உடல்நிலை தேறும்வரை காத்திராமல் பிறந்தவுடனே நெஞ்சில் வைத்ததில், முதல் 28 நாளில் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதில் இருந்தது. 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறது.

செய்யும் விதம்: முன்பக்கம் திறக்கும் நைட்டியோ சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு நாப்கின், தொப்பி, சாக்ஸ் மட்டும். சாய்வு நாற்காலியில் பாதி சாய்ந்து உட்காருங்கள். குழந்தையை நிமிர்த்தி இரண்டு மார்புகளுக்கும் நடுவில், வயிறு உங்கள் மேல்வயிற்றில் படும்படி வையுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, முகவாய் சற்றே மேலே தூக்கினாற்போல இருக்க வேண்டும். முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் அடைபடும். கைகால்களைத் தவளை போல மடக்கிவிட்டு, பழைய பருத்திச் சேலையாலோ ஆஸ்பத்திரி தரும் பையாலோ இறுக்கமாகக் கட்டுங்கள். கட்டின் மேல்விளிம்பு காதுக்குக் கீழே நிற்கட்டும். மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஒரு முறை எடுத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். தூக்கி இறக்குவதே குழந்தைக்கு அலைச்சல், பத்து நிமிடத்துக்காக அதைச் செய்வதில் பலன் இல்லை. முன்கூட்டியே சாப்பிட்டு, பாத்ரூம் போய்வந்து உட்காருங்கள். சிபாபில் இருக்கும் குழந்தையையும் சிஸ்டர் உதவியோடு வைக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அப்பாவும் வைக்கலாம். வார்டில் சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்காரக் கூச்சப்பட்ட ஒரு மனுஷன், குழந்தையின் மூச்சு சீராகி ஆக்சிஜன் எண் 88-லிருந்து 94-க்கு ஏறி நின்றதைப் பார்த்த பிறகு, மறுநாள் தானே பட்டன் போட்ட சட்டையோடு வந்து நின்றார். மாமியார், சித்தி, அத்தை என்று உடம்பு சரியாக இருக்கும் யாரும் முறை போட்டு வைக்கலாம். அம்மாவுக்குத் தூங்க நேரம் கிடைக்கும்.

நெஞ்சில் வைக்க முடியாத நாட்களில் பெட்டிக்குள் கைவிட்டு, ஒரு உள்ளங்கையைத் தலையிலும் மற்றொன்றைக் காலிலும் வைத்து அசையாமல் பிடியுங்கள். தடவாதீர்கள். மெல்லிய தோலுக்குத் தடவல் எரிச்சல், அழுத்தமாக வைத்த கை ஆறுதல். குழந்தை விரல்களை விரித்து, விக்கி, நிறம் மங்கினால் "போதும்" என்கிறது. அப்போது பேச்சையும் நிறுத்திவிடுங்கள்.

6. டாக்டரிடம் என்ன கேட்பது

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: இன்றைய எடை, ஒரு வேளைக்கு எத்தனை மில்லி பால், எத்தனை மணிக்கு ஒருமுறை, மூச்சுக்கு என்ன உதவி, நேற்றிலிருந்து என்ன மாறியது, நாளைக்கு ஏதாவது டெஸ்ட் உண்டா. "எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டால் யாராலும் தேதி சொல்ல முடியாது. "வீட்டுக்குப் போக இன்னும் என்னென்ன பாக்கி?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். டூட்டி டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆளுக்கு ஒன்று சொல்வது போலத் தோன்றும். யூனிட் தலைமை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தைத் தெரிந்துவைத்து அவரிடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

7. ஏறி இறங்கும் நாட்கள்

முதல் வாரம் எடை குறையும். பிறந்த எடையில் பத்து சதவீதமோ அதற்குச் சற்று மேலோ குறைந்து, இரண்டு வாரம் போலப் பழைய எடைக்கு வரும். அதன் பிறகு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. தினமும் எடை பார்த்துத் தினமும் அழ வேண்டாம், வாரக் கணக்கில் பாருங்கள்.

மூச்சு நின்று நின்று வரும். 20 நொடிக்கு மேல் நின்றாலோ, அதோடு நிறம் மாறித் துடிப்பு குறைந்தாலோ கவனிப்பார்கள். பாதத்தைச் சுண்டினாலே பல குழந்தைகள் மூச்சை மறுபடி எடுத்துக்கொள்ளும். இதற்குக் கொடுக்கும் மருந்து காஃபீன், நம் காபியில் இருக்கும் அதே காஃபீன்தான். மூளையின் மூச்சு மையம் முதிர முதிர இது தானாகவே நின்றுபோகும்.

நன்றாக இருந்த குழந்தை திடீரென்று சோர்ந்து, வயிறு உப்பி, பால் செரிக்காமல் பச்சையாக வெளியே வந்தால் தொற்றையோ குடல் அழற்சியையோ சந்தேகிப்பார்கள். பாலை நிறுத்திவிட்டு டிரிப் போடுவார்கள். நீங்கள் பால் எடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள், சேமித்து வையுங்கள். உச்சிக்குழி வழியாகத் தலை ஸ்கேன் எடுப்பது வழக்கமான பரிசோதனை, பயப்பட வேண்டியதில்லை.

8. கண் பரிசோதனை: தேதியை விட்டுவிடாதீர்கள்

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நிறைமாதம் நெருங்கும்போதுதான் வளர்ந்து முடியும். முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையைப் பெயர்த்துவிடலாம். இதை ஆர்ஓபி என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும், எந்த அறிகுறியும் தெரியாது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் கீழே பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் 30 நாளுக்குள் கண் பார்க்க வேண்டும். 28 வாரத்துக்கும் கீழே என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் பொறுப்பு உங்களுடையது, வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

நோய் முற்றினால் இரண்டு மூன்று நாளில் லேசரோ ஊசியோ போட்டாக வேண்டும். அந்த அவகாசத்தைத் தவறவிட்டால் பார்வை போய்விடும். ஒருமுறை "நார்மல்" என்று சொன்னாலும், குழாய் வளர்ந்து முடிந்தது என்று டாக்டர் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள், போய்த்தான் ஆக வேண்டும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள். இதோடு காது கேட்கிறதா என்ற பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.

9. வீட்டுப் பெரியவர்கள்

சேனை தொட்டு வைக்கிறேன் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைக்கக்கூடாது. உரை மருந்து, கிரைப் வாட்டர், கண்ணுக்கு மை, மூக்கிலும் காதிலும் எண்ணெய், வாயால் ஊதிக் கோழை எடுப்பது, சாம்பிராணிப் புகை எதுவுமே இந்தக் குழந்தைக்கு ஆகாது. பெரியவர்களிடம் வாதாடிப் பலனில்லை. "டாக்டர் கண்டிப்பா வேணாம்னுட்டார் அத்தை, ரெண்டு கிலோ ஆனதும் கேக்கலாம்" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், டாக்டர்கள் இதற்கெல்லாம் பழகியவர்கள். அதே கையோடு அவர்களுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். பால் எடுக்கும் அம்மாவுக்குப் பூண்டுக் குழம்பும் முட்டையும் கீரையும் கட்டி அனுப்புவது பெரிய உதவி. பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது மட்டும் வேண்டாம்.

10. பணமும் காகிதமும்

அரசு ஆஸ்பத்திரியில் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம். தனியார் என்றால் ஒவ்வொரு நாளும் அன்றுவரை ஆன பில்லைக் கேளுங்கள். கடன் வாங்கும் முன்பே அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாற்ற முடியுமா என்று பேசுங்கள். மாற்றுவது கௌரவக் குறைச்சல் இல்லை, பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தக் குழந்தைகளைப் பார்த்த அனுபவம் அதிகம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் முதல் நாளே காட்டி விசாரியுங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த எண்) கேட்பார்கள். பெயரைப் பிறகு சேர்க்கலாம். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு ஒரு செய்தி: குறைமாதப் பிரசவத்தால் உடல்நலம் கெட்டால், பேறுகால விடுப்புக்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. மருத்துவச் சான்று வாங்கி வையுங்கள்.

11. அம்மா

மற்றவர்கள் குழந்தையோடு படுத்திருக்கும் வார்டில் காலியான கையோடு படுத்திருப்பது கொடுமை. வேறு இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. தையலும் ஆறாமல் மூன்று மாடி ஏறி இறங்காதீர்கள், வீல்சேர் கேளுங்கள். காய்ச்சல், நாற்றமுள்ள உதிரப்போக்கு, கடும் தலைவலி வந்தால் குழந்தையைப் பார்க்கும் அவசரத்தில் மறைக்க வேண்டாம்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்ற கேள்வி சுற்றிச்சுற்றி வரும். பப்பாளி சாப்பிட்டதாலோ ஸ்கூட்டரில் போனதாலோ நடந்தது இல்லை இது. ரத்த அழுத்தம், தொற்று, இரட்டைக் கர்ப்பம், கருப்பை வாய் பலவீனம் என்று காரணங்கள் உண்டு, பல நேரம் காரணமே பிடிபடாது. இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்காமல், தூக்கமும் பசியும் போய், குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அப்பாக்களும் அழைக்கலாம், ஓடி ஆடும் அவர்களை யாரும் கேட்பதில்லை.

12. குழாயிலிருந்து மார்புக்கு

உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒழுங்காகச் சேர்த்துச் செய்யக் குழந்தைக்கு 34 வாரம் போல ஆகும். அதற்கு முன்பே, பால் பீய்ச்சி எடுத்து முடித்த மார்பில் சும்மா வாய் வைக்க விடலாம், பழக்கம் வரும். குழாய்க்கும் மார்புக்கும் நடுவில் நம் ஊர்ப் பாலாடை கைகொடுக்கிறது. குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கிய பிறகே அடுத்ததை விடுங்கள். ஊற்றினால் புரையேறும். பாட்டிலைப் பெரும்பாலான யூனிட்டுகளில் தவிர்ப்பார்கள், சுத்தம் செய்வதும் கடினம்.

13. டிஸ்சார்ஜும் வீடும்

எடை எவ்வளவு வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். மூச்சு நிற்காமல் சில நாட்கள் ஓடியிருக்க வேண்டும், தானே சூடு தாங்க வேண்டும், வாயால் குடித்து எடை ஏற வேண்டும். கிளம்பும் முன் ஒருநாள் முழுக்க நீங்களே பால் கொடுத்து, நாப்கின் மாற்றி, மருந்து அளந்து சிஸ்டர் முன்னால் செய்துகாட்டுங்கள். இரும்புச் சத்துச் சொட்டும் வைட்டமின் டி-யும் எத்தனை மில்லி, எந்த ஃபில்லரில் என்று எழுதி வாங்குங்கள். இரட்டையரில் ஒன்று முன்னால் வீடு திரும்பினால், வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் யார் யார் என்று முதலிலேயே ஆள் பிரித்துவிடுங்கள்.

வீட்டில் கங்காருவைத் தொடருங்கள், குழந்தை நெளிந்து வெளியே வரப் பார்க்கும்வரை. பெரும்பாலும் இரண்டரைக் கிலோ பக்கம் அது நடக்கும். குளிப்பாட்டல் எப்போது என்று டாக்டரைக் கேளுங்கள், அதுவரை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். மல்லாக்கப் படுக்க வையுங்கள். தூளி சில மாதம் வேண்டாம், குழிவான துணியில் முகவாய் நெஞ்சோடு மடங்கிவிடும். பார்க்க வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள்.

பால் குடிக்க மறுத்தல், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, விலா உள்வாங்குதல், உடம்பு சில்லிட்டோ சுட்டோ போதல், உதடு நீலம், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு: இவற்றில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசிகளைப் பிறந்த தேதியை வைத்தே போடுவார்கள். முதல் ஊசிகளில் ஒன்றிரண்டை மட்டும் எடைக்காகத் தள்ளிவைக்கலாம். வளர்ச்சிக்கு மட்டும் வேறு கணக்கு. 30 வாரத்தில் பிறந்த குழந்தை பத்து வாரம் முந்தி வந்தது. ஆறு மாதம் ஆகும்போது அதன் திருத்திய வயது மூன்றரை மாதத்துக்குச் சற்று மேல்தான். கழுத்து நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது எல்லாவற்றையும் இரண்டு வயதுவரை இந்தக் கணக்கில் பாருங்கள். "ஆறு மாசமாச்சு, இன்னும் குப்புற விழலையா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் டியூ தேதியிலிருந்து எண்ணி வயதைச் சொல்லுங்கள். திருத்திய வயதின்படியும் பின்தங்கினால், கைகால் விறைப்பாகவோ தொளதொளவென்றோ இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் அந்த நோட்டுப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், எந்த வாரத்தில் பிறந்தது என்பதைத்தான் அங்கேயும் முதலில் கேட்பார்கள்.